மங்கிய கோடுகள்

அம்மாவின் பெட்டியை மூடிய நேரத்தில் அப்பா வாசலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தார். புக்கிட் தெங்காவில் எங்கள் வீட்டு முன் போட்டிருந்த கூடாரத்தில் அன்று நூறு பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். அக்கா கதறியபடி பெட்டியைப் பிடித்திருந்தாள். நான் அக்காவைப் பிடித்திருந்தேன். அப்பா சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, சாயாமல் நிற்கிறதா என்று தட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த அடுக்கைத் தொடங்கினார். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை.

“ஒங்கப்பனுக்குக் கல்லு மனசுடா” என்றார் அத்தை. அப்பாவின் சொந்தத் தங்கை அவர்.

பதினாறாம் நாள் முடிந்து கூலிமுக்குத் திரும்பிய அக்கா, ஒன்றரை வருடமாக அப்பாவோடு பேசவில்லை. சண்டை எதுவும் நடக்கவில்லை. பேச்சு நின்றுபோனது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவில்லை. வெளியே அடையாளம் தெரியவில்லை என்றால் உள்ளே ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடலாமா? இதை யோசிக்க எனக்குக் கிடைத்த வழி கொஞ்சம் சுற்றுவழி. என் வேலையில் தொடங்கி, சில குவாசர்கள் வரை போய்த் திரும்புகிறது.

நான் இங்கே இரும்பு வார்க்கும் ஒரு தொழிற்சாலையில் சோதனைக்கூடத்தில் இருக்கிறேன். உலையில் இரும்பு உருகியதும் ஒரு கரண்டி எடுத்து, நாணயம்போல வார்த்து, என்னிடம் கொண்டுவருவார்கள். அதன் முகத்தைத் தேய்த்துவிட்டு ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்தால் மேலே ஒரு மின்பொறி பாயும். பொறியில் இரும்பு ஆவியாகி ஒளிரும். அந்த ஒளியைப் பிரித்தால் கோடுகோடாக விழும். கார்பனுக்கு ஒரு கோடு, மாங்கனீசுக்கு ஒரு கோடு, கந்தகத்துக்கு ஒரு கோடு. எந்தக் கோடு எவ்வளவு பிரகாசமோ அந்தத் தனிமம் அவ்வளவு இருக்கிறது. அரை நிமிடத்தில் இரும்பின் ஜாதகம் கையில் வந்துவிடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் கார்பன் கோடு மங்கலாக வந்தது. கந்தகமும் அப்படியே. கார்பன் குறைவு என்று எழுதி ஓர் உலை இரும்பை நிறுத்திவைத்தேன். மூத்தவர் ஒருவர் வந்து பார்த்தார். இரும்பில் ஒரு குறையும் இல்லை. பொறி பாயும் இடத்தில் காற்றை விலக்க ஆர்கான் வாயு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்த உருளை தீரும் நிலையில் இருந்தது, கண்ணாடியிலும் புகை படிந்திருந்தது. கார்பன், கந்தகத்தின் கோடுகள் புற ஊதாப் பகுதியில் விழுபவை. அழுக்கும் காற்றும் முதலில் விழுங்குவது அவற்றைத்தான். “தம்பி, கோடு மங்குனா இரும்பச் சந்தேகப்படறதுக்கு முன்னால கண்ணாடியச் சந்தேகப்படு” என்றார் அவர்.

குவாசர்களைப் பற்றி நான் படிக்கத் தொடங்கியது இந்தக் கோடுகளின் பழக்கத்தால்தான். புக்கிட் தெங்காவில் நெடுஞ்சாலை விளக்கும் தொழிற்பேட்டை விளக்கும் சேர்ந்து வானத்தைப் பழுப்பாக்கிவிடும், நட்சத்திரமே நாலைந்துதான் தெரியும். ஆனால் இரவு ஷிப்டில் படிக்க வானம் தெரிய வேண்டியதில்லை.

1963இல் மார்ட்டன் ஷ்மிட் என்ற வானியலாளர் 3சி 273 என்ற பொருளின் நிறமாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க நட்சத்திரம்போல ஒரு புள்ளி. ஆனால் அதன் கோடுகள் எந்தத் தனிமத்தோடும் பொருந்தவில்லை. பிறகுதான் பிடிபட்டது. அவை நமக்கு நன்றாகத் தெரிந்த ஹைட்ரஜன் கோடுகள்தான், மொத்தமாக 16 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. அப்படியானால் அது நம் பால்வீதிக்கு மிக அப்பால், 200 கோடி ஒளியாண்டுகளுக்கும் மேலான தொலைவில் இருக்கிறது. அங்கிருந்தும் இவ்வளவு ஒளி வருகிறதென்றால் அது நட்சத்திரமாக இருக்க முடியாது.

இன்று நமக்குத் தெரிந்த படம் இது. ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் பெரும் கருந்துளை. அதில் விழப்போகும் வாயு நேராக விழாமல் வட்டமாகச் சுழல்கிறது. சுழலும் வட்டு உராய்ந்து சூடேறி ஒளிர்கிறது. அந்த ஒளியின் புற ஊதாவும் எக்ஸ் கதிரும் சற்றுத் தள்ளிச் சுற்றும் வாயு மேகங்களில் பட்டு, அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறிகின்றன. அப்படி அடிபட்ட மேகம் ஒளிர்கிறது. நாம் பார்க்கும் கோடுகள் அந்த மேகத்தின் ஒளி. ஹைட்ரஜனின் லைமன்-ஆல்ஃபா கோடு, மூன்று எலக்ட்ரான்களை இழந்த கார்பனின் கோடு, இவை இரண்டும் சாதாரணமாக ஒரு குவாசரில் மலைபோல நிற்கும். நான் தினமும் பார்க்கும் அதே கார்பன்தான்.

கோடு மேகத்தினுடையது, ஆனால் அதை எரியவைப்பது வட்டின் ஒளி. பின்னால் வரப்போவதற்கு இது தேவை.

பிறகு சில குவாசர்கள் வேறு மாதிரி வந்தன. 1995இல் மெக்டோவல் குழுவினர் பிஜி 1407+265 என்ற குவாசரைப் பற்றி எழுதினார்கள். பிரகாசத்துக்குக் குறைவில்லை, ஆனால் இருக்க வேண்டிய கோடுகள் பெரும்பாலும் மிக மங்கலாக இருந்தன. 1999இல் ஸ்லோன் வான் ஆய்வின் தொடக்கத் தரவுகளில் ஷியாவ்ஹுய் ஃபான் குழுவினர் கோடே இல்லாத ஒன்றைக் கண்டார்கள். கோடு இல்லாமல் தொலைவை எப்படி அளந்தார்கள்? வழியிலிருந்த ஹைட்ரஜன் வாயு அந்த ஒளியில் எதை விழுங்கியிருக்கிறது என்பதை வைத்து. அந்த ஒளி புறப்பட்டு 1,200 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 2009இல் டயமண்ட்-ஸ்டானிச் குழுவினர் இப்படி எழுபதுக்கும் மேற்பட்டவற்றைத் திரட்டினார்கள். லைமன்-ஆல்ஃபா கோட்டின் வலு சராசரிக் குவாசரில் 64 ஆங்ஸ்ட்ராம் அளவு. இவற்றில் 15.4க்கும் கீழே.

ஏன்? விளக்கங்கள் ஒவ்வொன்றாக வந்தன. படிக்கப் படிக்க, எங்கள் வீட்டுக் கூடாரத்தில் அன்று பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது.

முதல் சந்தேகம், வேறு ஒளி கோட்டை மூழ்கடிக்கிறது என்பது. ‘பிஎல் லாசர்டே’ வகைப் பொருள்களில் கருந்துளையிலிருந்து பாயும் தாரை நேராக நம்மை நோக்கியிருக்கும். அந்தக் கண்கூச்சத்தில் கோடுகள் அமுங்கிவிடும். இவையும் அப்படியோ? அப்படியானால் சில மணி நேரத்திலேயே ஒளி ஏறி இறங்க வேண்டும். இதைச் சோதித்தது இந்தியாவில். கோபால்-கிருஷ்ணா, நைனிதாலின் ஏரீஸ் நிலையத்தைச் சேர்ந்த ஹம் சந்த் ஆகியோரும் அவர்களுடைய மாணவர்களும் 2013 முதல் தொடர் கட்டுரைகளாக இதை எழுதினார்கள். தேவஸ்தலில் உள்ள 1.3 மீட்டர் தொலைநோக்கி உள்ளிட்டவற்றால் ஒவ்வொரு குவாசரையும் இரவில் மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றிரண்டைத் தவிர மற்றவை சாதாரணக் குவாசர்போலவே அமைதியாக இருந்தன. ஆக, பெரும்பாலானவற்றில் கண்கூச்சம் காரணம் இல்லை. அந்த இரவுகளை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது. ஒன்றும் நடக்கவில்லை என்று உறுதியாகச் சொல்லவும் ஒருவர் விழித்திருக்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அங்கே மேகமே போதாது என்பது. ஒளி இருக்கிறது, பட்டு ஒளிர வாயு இல்லை. அத்தை சொன்னது ஏறக்குறைய இதுதான். உள்ளே ஈரமே கிடையாது.

மூன்றாவது, இன்னும் காலம் ஆகவில்லை என்பது. 2010இல் ஹிரினியேவிச் குழுவினர், கருந்துளை இப்போதுதான் விழித்திருக்கிறது, மேகங்கள் இனிமேல்தான் உருவாகும் என்றார்கள். “கொஞ்ச நாள் போகட்டும், தனியா இருக்கறப்ப அழுவாரு” என்று பக்கத்து வீட்டு அண்ணி சொன்னது இந்த வகை.

நான்காவது விளக்கத்துக்கு எக்ஸ் கதிர் தேவைப்பட்டது. 1999இல் விண்ணுக்குப் போன சந்திரா தொலைநோக்கி அதைத் தந்தது. சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கியது அது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறியவர். 1935 ஜனவரியில் லண்டன் கூட்டமொன்றில் ஆர்தர் எடிங்டன் அவருடைய கண்டுபிடிப்பை எல்லோர் முன்னும் கேலி செய்தார். அதன் பிறகும் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள். எடிங்டன் 1944இல் இறந்தபோது சந்திரசேகர் அஞ்சலி உரை ஆற்றினார். முகத்தை வைத்து அந்த மனிதருக்குள் இருந்ததை யார் படித்திருக்க முடியும்?

பின் லுவோ, நீல் பிராண்ட் போன்றோர் சந்திராவைக் கொண்டு இந்தக் குவாசர்களைப் பார்த்தபோது, ஏறத்தாழ பாதியில் எக்ஸ் கதிர் மிகக் குறைவாக இருந்தது. மீதிப் பாதியில் சரியாக இருந்தது. ஆனால் இரண்டு பாதியிலும் கோடு மங்கல்தான். குறைவாக இருந்தவற்றை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால், கனத்த திரையையும் ஊடுருவக்கூடிய வலுவான எக்ஸ் கதிர்கள் மட்டும் கசிந்து வந்திருந்தன. அப்படியென்றால் உள்ளே விளக்கு எரிகிறது. குறுக்கே ஏதோ நிற்கிறது.

எது நிற்கிறது? இங்கேதான் எடிங்டன் பெயர் திரும்ப வருகிறது. விழும் வாயுவை ஒளியின் அழுத்தமே வெளியே தள்ளும் அளவுக்குப் பிரகாசம் கூடினால் அதை எடிங்டன் எல்லை என்பார்கள். இந்தக் குவாசர்கள் அந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோ வாயுவை விழுங்குகின்றன என்று கருதுகிறார்கள். அவ்வளவு வேகமாக வாயு வந்து விழும்போது மெல்லிய தட்டாக இருக்க வேண்டிய உள்வட்டு உப்பிப் பருக்கிறது. அந்தப் பருத்த விளிம்பு, வட்டின் பக்கவாட்டில் சுற்றும் மேகங்களை எக்ஸ் கதிரிலிருந்து மறைத்துவிடுகிறது. மேகம் நிழலில் நிற்கிறது. கோடு மங்குகிறது. மேலிருந்து பார்க்கும் நமக்கு எக்ஸ் கதிர் முழுதாகத் தெரியும். பக்கவாட்டில் பார்த்தால் நமக்கும் மறைக்கும். அதனால்தான் பாதிப் பாதி. இதுவே முடிந்த முடிவு என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு அதிகத் தடயங்களோடு பொருந்துவது இது.

படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அடையாளம் குறைவாக இருப்பது ஒளி குறைந்ததால் அல்ல, உள்ளே நடப்பது மிக அதிகம் என்பதால். அப்பாவுக்கு வக்கீல் கிடைத்துவிட்டார் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கூலிமுக்குப் போனேன். அக்கா தே ஓ போட்டுக் கொடுத்தாள். கல்யாணப் பத்திரிகை ஒன்றின் பின்பக்கம் கருந்துளை, உப்பிய வட்டு, மேகம் எல்லாம் வரைந்து காட்டினேன். அப்பா பட்டர்வொர்த் துறைமுகத்திலிருந்து ஜொகூருக்கு லாரி ஓட்டிய முப்பது வருடங்களைச் சொன்னேன். வாரத்தில் இரண்டு இரவுதான் வீடு. எல்லாம் நம் பள்ளிக்கூடச் செலவுக்குத்தானே. “உள்ள இல்லாம இல்லக்கா. அதிகமா இருக்கறதாலதான் வெளிய தெரியல” என்றேன்.

அக்கா படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் அறிவியல் படித்தவள் இல்லை. விரலை மேகத்தின் மேல் வைத்தாள்.

“அப்போ இதுக்கு என்னடா ஆச்சு?”

“எதுக்கு?”

“இந்த மேகத்துக்கு. அதுக்கு வெளிச்சம் கெடைக்கலதானே? நீ தூரத்துலேர்ந்து பாத்துட்டு உள்ள வெளக்கு எரியுதுன்னு சொல்ற. பக்கத்துலயே இருந்துச்சே, அதுக்கு?”

எனக்குப் பதில் வரவில்லை. பேருந்தில் திரும்பும்போது அந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்த்தேன். அவள் சொன்னதுதான் இயற்பியல். நான்தான் பாதியில் நிறுத்தியிருந்தேன்.

என் சோதனைக்கூடத்தில் கோடு மங்கியது ஒரு கருவிக் கோளாறு. இரும்பில் கார்பன் முழுதாக இருந்தது. எனக்குத் தெரியாமல் போனது, அவ்வளவே. குவாசர் கதை அப்படி இல்லை. மேகத்தின் ஒளி வழியில் மறைந்துபோகவில்லை. மேகம் உண்மையிலேயே ஒளிரவில்லை. வேண்டிய அளவு ஒளி அதன் மேல் படவேயில்லை. மங்கிய கோடு, நெருக்கத்தில் விழுந்த ஒரு நிழலின் சரியான பதிவு.

பின்னர் படித்த ஒன்று இதை இன்னும் உறுதியாக்கியது. 2020இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு மங்கல்கோட்டுக் குவாசரைப் பற்றி எழுதினார்கள். 2013இல் எக்ஸ் கதிரில் மிக மங்கலாக இருந்தது, 2019இல் பார்த்தபோது இருபது மடங்குக்கு மேல் பிரகாசமாகியிருந்தது. ஆனால் அதன் கோடுகளில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. உப்பிய வட்டின் விளிம்பு சற்று அசைந்து நம் பார்வைக்கு வழிவிட்டிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். வெகு தொலைவிலிருந்த நமக்கு விளக்கு திடீரென்று தெரிந்தது. பக்கத்திலிருந்த மேகங்களுக்கு நிழல் அப்படியே இருந்தது.

புக்கிட் தெங்காவில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் யாராவது சொல்வார்கள், “ஒங்கப்பா மாதிரி மனுசன் கெடையாதுப்பா.” கூட ஓட்டிய டிரைவருக்கு ஆபரேஷன் என்றதும் அப்பா சம்பளத்தை முழுதாகக் கொடுத்துவிட்டு வந்த கதை, கோயில் திருவிழாவில் மூன்று இரவு தூங்காமல் பந்தல் போட்ட கதை. நான் அவற்றையெல்லாம் சாட்சியமாகச் சேர்த்து வைத்திருந்தேன். அக்காவுக்கும் அவை தெரியும். அவளுடைய வழக்கு அதுவல்ல. பரிசு வாங்கி வந்த நாளில் ஒரு வார்த்தை கேட்காதவர், அம்மா படுக்கையில் விழுந்த பிறகும் பக்கத்தில் உட்காராமல் வாசலில் லாரி டயர் பார்த்தவர் என்பதுதான் அவள் வழக்கு. இரண்டும் ஒரே மனிதர். இரண்டு சாட்சிகளும் பொய் சொல்லவில்லை. நின்ற இடம் வேறு.

இரண்டு கேள்விகளை நான் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது. உள்ளே ஒளி இருக்கிறதா என்பது ஒன்று. அது சேர வேண்டியவருக்குச் சேர்ந்ததா என்பது இன்னொன்று. முதல் கேள்வியில் அத்தை தவறு. அழவில்லை என்பதை வைத்து ஒருவரைக் கல் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. நைனிதாலில் விழித்திருந்ததுபோல இரவு முழுக்க விழித்துப் பார்த்தவர்கூடத் தயங்கித்தான் சொல்ல வேண்டும். ஆனால் முதல் கேள்வியின் விடையை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது கேள்விக்குக் கொடுத்தேனே, அது என் தவறு. ‘உள்ளுக்குள்ள பாசம் இருந்துச்சு’ என்பது இருட்டில் நின்றவருக்குப் பதில் ஆகாது. நம் வீடுகளில் அப்பாக்களுக்காக இந்த வாக்கியத்தை எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! பெரும்பாலும் அவர்கள் இறந்த பிறகு, வாங்கிக்கொள்ள முடியாதவர்களிடம்.

உவமைக்கு எல்லை உண்டு. வட்டு வேண்டுமென்று உப்புவதில்லை. மேகத்துக்குக் கேட்க வாயும் இல்லை. அப்பா ஓடியதும் கிட்டத்தட்ட வேறு வழி இல்லாமல்தான். யாருக்காக உழைத்தாரோ அவர்களைத்தான் அந்த உழைப்பு மறைத்தது. இதில் குற்றவாளி என்று ஒருவரைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் குற்றவாளி இல்லை என்பதால் நிழல் இல்லை என்று ஆகிவிடாது. காரணம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் கிடைக்காதது கிடைக்காததுதான். மனிதருக்கு வட்டைவிட ஒரு வசதி இருக்கிறது. தன் நிழல் எங்கே விழுகிறது என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நகர்ந்து நிற்கலாம்.

இதை எழுதும் நானும் வாரத்தில் நான்கு நாள் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வீட்டில் ஆறு வயதில் ஒரு மகள். ஓவர்டைம் அவளுக்காகத்தான் என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். அப்பாவும் சொல்லியிருப்பார்.

போன மாதம் ஒரு மாலை அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். குவாசர் எதையும் சொல்லவில்லை. அக்கா கேட்டதை மட்டும் சொன்னேன். பக்கத்துல இருந்தவங்களுக்கு என்ன கெடைச்சதுன்னு கேக்கறா. அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொழிற்பேட்டைப் பேருந்துகள் ஷிப்ட் மாறும் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

“அவ கேக்கறது ஞாயந்தான்” என்றார்.

வெகுநேரம் வேறு ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து உள்ளே போகும்போது கைப்பேசியை நீட்டினார்.

“அக்கா நம்பர் இதுல எங்க இருக்குன்னு எடுத்துக் குடு.”

எடுத்துக் கொடுத்துவிட்டு நான் வேலைக்குக் கிளம்பினேன்.